கரைந்திருக்கும் இரும்பு, கிடைக்காத இரும்பு

திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ கடலுக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு இரும்பின் குணத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜன்னல் கம்பிக்குப் பூசிய பெயிண்ட் சில மாதங்களிலேயே கொப்புளித்து உதிரத் தொடங்கிவிடும். ஏ.சி. வெளிப்பெட்டியைத் தாங்கும் சட்டம், கேட்டின் கீல், மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பி என்று உப்புக்காற்று தொட்ட இடமெல்லாம் செம்பழுப்பு நிறமாகும். நம் வீட்டுச் செலவைக் கூட்டும் இந்த வேதிவினைதான் உலகப் பெருங்கடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உயிர்வளம் குன்றியதாக வைத்திருக்கிறது.

புவியின் மேலோட்டில் எடைக் கணக்கில் நான்காவது இடத்தில் இருக்கும் தனிமம் இரும்பு. ஏறக்குறைய ஐந்து சதவீதம். ஆனால் கரையிலிருந்து தொலைவில், நடுக்கடலின் மேற்பரப்பில், ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் இரும்பு சில நானோகிராம்தான். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு என்பது நானோகிராம். பாறையில் இவ்வளவு இருந்தும் நீரில் இல்லாமல் போனதற்கு ஆக்சிஜன்தான் காரணம். இரும்பு நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கக்கூடும். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஃபெரஸ் இரும்பு நீரில் எளிதில் கரையும். மூன்றை இழந்த ஃபெரிக் இரும்பு, கடல்நீரைப் போன்ற இலேசான காரத்தன்மை கொண்ட நீரில், கரைய மறுத்து ஹைட்ராக்சைடாகத் திரண்டு படிந்துவிடும். ஆக்சிஜன் நிறைந்த வெப்பக் கடல்நீரில் ஃபெரஸ் இரும்பு சில நிமிடங்களிலேயே ஃபெரிக்காக மாறிவிடுகிறது. அதாவது கடலில் விழும் இரும்பு நீருக்குள்ளேயே துருவாகி அடியில் இறங்கிவிடுகிறது.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கு முந்தைய கடல்களில் ஃபெரஸ் இரும்பு தாராளமாகக் கரைந்திருந்தது. பிறகு, ஒளிச்சேர்க்கை செய்யும் நீலப்பசும் நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்சிஜன் அந்த இரும்பைத் துருவாக்கி அடுக்கடுக்காகப் படியவைத்தது. உலகின் பெரும் இரும்புத் தாதுப் படிவங்கள் பலவும் பழங்கடல்களில் இரும்பு இப்படிப் படிந்து உருவானவையே. சேலத்தை ஒட்டிய கஞ்சமலையின் காந்தத் தாதுப் பட்டைகளும் அந்தப் பட்டைப் பாறை வகையைச் சேர்ந்தவை. சேலத்துத் தாதுவை உருக்குவதற்காக 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். அதே பரங்கிப்பேட்டையில்தான் பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் அமைந்தது. கடலை விட்டுப் போன இரும்பையும், அந்த இரும்புக்கு ஏங்கும் உயிர்களையும் ஒரே சிற்றூர் வெவ்வேறு நூற்றாண்டுகளில் கையாண்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இரும்புக்கு ஏங்கும் அந்த உயிர்கள் தாவர மிதவை உயிரிகள். ஒற்றைச் செல்லால் ஆன, கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டம் புவியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதியைச் செய்கிறது. வஞ்சிரமும் நெத்திலியும் திமிங்கலமும் இறுதியில் இவற்றின் உழைப்பில்தான் வாழ்கின்றன. ஒளிச்சேர்க்கைக்கு இரும்பு தவிர்க்க முடியாதது. சூரிய ஒளியின் ஆற்றலை எலக்ட்ரான்களாகக் கைமாற்றும் புரதக் கூட்டங்களில் ஒன்றான முதலாம் ஒளியமைப்பில் மட்டும் பன்னிரண்டு இரும்பு அணுக்கள் உள்ளன. நைட்ரேட்டை எடுத்து அமோனியாவாக ஒடுக்கவும் இரும்பு வேண்டும். பற்றாக்குறை நீடித்தால் டயாட்டம்கள் என்னும் சிலிக்கா ஓடு கொண்ட மிதவை உயிரிகளில் சில, இரும்பு கொண்ட ஃபெரடாக்சின் என்ற புரதத்தைக் கைவிட்டு, அதே வேலையை இரும்பில்லாமல் செய்யும் ஃபிளாவோடாக்சினைப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. ஒளியமைப்பில் உள்ள இரும்புக்கோ அப்படியொரு மாற்று கிடையாது.

சென்னைக் கரையில் இந்தப் பஞ்சம் இல்லை. கூவமும் அடையாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவரும் வண்டலிலும், அலை கலக்கிவிடும் அடிமண்ணிலும் இரும்பு போதுமான அளவு இருக்கிறது. 2019 ஆகஸ்டில் நம் கடற்கரைகளில் அலைகள் இரவில் நீல ஒளியுடன் உடைந்ததைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த ஒளியை உமிழ்ந்தது நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி. டயாட்டம்களை விழுங்கி வளரும் அது அத்தனை பெருக வேண்டுமானால், அதற்கு உணவாகும் உயிர்களுக்குச் சத்துக்குறை இருந்திருக்க முடியாது. நான் சொல்லும் பஞ்சம் கரையிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறது: அண்டார்டிக்காவைச் சுற்றிய தென்பெருங்கடல், நிலநடுக்கோட்டுப் பசிபிக், அலாஸ்காவுக்குத் தெற்கேயுள்ள வட பசிபிக். இந்த மூன்று இடங்களிலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஆண்டு முழுவதும் மிச்சமிருந்தும் தாவர மிதவை உயிரிகள் குறைவாகவே இருக்கின்றன.

அங்கே குறைவது இரும்பாக இருக்கலாம் என்ற ஊகம் 1930களிலேயே எழுந்தது. ஆனால் அதைச் சோதிக்க வழியில்லை. ஏனென்றால் ஆய்வுக்குப் போகும் கப்பலே இரும்பு. கப்பலின் துருவும் கம்பிவடமும் நீர் முகக்கும் கலனும் மாதிரியில் கலந்துவிடும் இரும்பு, கடலில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் மார்ட்டின், தூசும் உலோகமும் தீண்டாத முறையில் நீரை எடுத்து, அதில் மிக நுண்ணிய அளவு இரும்பைச் சேர்த்தபோது புட்டிக்குள் உயிரிகள் செழித்து வளர்வதை 1988இல் காட்டினார். அரை டேங்கர் இரும்பைக் கொடுத்தால் ஒரு பனியுகத்தையே தருவதாக அவர் அவையில் சொன்ன வாக்கியம் உலகமெங்கும் பரவியது. பனியுகங்களில் காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடு குறைவாகவும், கடலில் விழுந்த பாலைத் தூசு அதிகமாகவும் இருந்ததை அண்டார்டிக் பனிப்படிமங்கள் காட்டியிருந்தன. தூசோடு வந்த இரும்பால் பெருகிய உயிரிகள் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி ஆழத்துக்குக் கொண்டுபோனதே அந்தக் குறைவுக்குக் காரணங்களில் ஒன்று என்பது அவர் கருத்து. கடலிலேயே இரும்பைத் தூவிப் பார்க்கும் முதல் சோதனை 1993 அக்டோபரில், கலாபகஸ் தீவுகளுக்குத் தெற்கே 64 சதுர கிலோமீட்டர் பரப்பில் நடந்தது. அதைக் காண மார்ட்டின் உயிருடன் இல்லை. அந்த ஆண்டு ஜூனில் அவர் காலமாகியிருந்தார்.

அதன் பிறகு பல சோதனைகள் நடந்தன. நமக்கு நெருக்கமானது 2009இல் நடந்த லோஹாஃபெக்ஸ். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் இணைந்து, போலார்ஸ்டெர்ன் கப்பலில் சென்று, தென் அட்லாண்டிக்கின் நீர்ச்சுழி ஒன்றுக்குள் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஃபெரஸ் சல்பேட்டைக் கலந்தன. உயிரிகள் பெருகின, ஆனால் எதிர்பார்த்த அளவுக்குக் கார்பன் ஆழத்துக்கு இறங்கவில்லை. அந்த நீரில் சிலிசிக் அமிலம், அதாவது கரைந்த சிலிக்கா, மிகக் குறைவு. ஓடு கட்டத் தேவையான சிலிக்கா இல்லாமல் டயாட்டம்கள் பெருக முடியாது. அவற்றின் இடத்தில் வளர்ந்த மென்மையான சிற்றுயிரிகளைத் துடுப்புக்காலிகள் என்னும் சிறு விலங்கு மிதவைகள் மேய்ந்துவிட்டன. இதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் சிலிக்கா நிறைந்த தென்பெருங்கடல் நீரில் நடந்த சோதனையிலோ, பெருகிய டயாட்டம்களில் பாதிக்கு மேல் ஆயிரம் மீட்டருக்குக் கீழே மூழ்கின. இரும்பு ஒன்றே போதும் என்ற எண்ணத்துக்கு லோஹாஃபெக்ஸ் தந்த பதிலை நான் அதன் தோல்வியாகக் கருதுவதில்லை. இந்திய அறிவியல் இந்தத் துறைக்குத் தந்த மதிப்பு மிக்க முடிவுகளில் அது ஒன்று என்றே நினைக்கிறேன்.

வகுப்பில் இதைச் சொல்லி முடித்த ஒருநாள் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "மேடம், அமிலத்தில் இரும்பு கரையும் என்றுதானே படித்திருக்கிறோம்? கார்பன் டை ஆக்சைடால் கடல் அமிலமாகிறது என்கிறீர்கள். அப்படியானால் கரையாத இரும்பெல்லாம் கரைந்து அந்த உயிரிகளுக்கு நன்மைதானே?" ஒரு வேதியியல் மாணவி கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு வகுப்பு நேரத்துக்குள் விடை சொல்லிவிட முடியாது. அந்த விடையை எழுதுவதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில், கடல் அமிலமாகிறது என்பதன் பொருளைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். கடல்நீர் இன்றும் காரத்தன்மை உடையதுதான். மனிதர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்வதால், தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த மேற்பரப்பு நீரின் பி.எச். (இறங்க இறங்க அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் எண்) இன்று 8.1 அளவுக்கு இறங்கியிருக்கிறது. பி.எச். ஒரு மடக்கை அளவுகோல் என்பதால், சிறிதாகத் தோன்றும் இந்த இறக்கத்தில் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. உமிழ்வு கட்டுப்படுத்தப்படாமல் நூற்றாண்டின் இறுதியில் பி.எச். 7.8ஐ எட்டினால், அந்தச் செறிவு இன்றுள்ளதைப் போல இரு மடங்காகும். கடலுக்குள் வரும் கார்பன் டை ஆக்சைடு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, ஹைட்ரஜன் அயனியை விடுவிக்கிறது. அந்த ஹைட்ரஜன் அயனி நீரிலிருக்கும் கார்பனேட் அயனியைப் பிடித்து பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. ஆகவே அமிலத்தன்மை கூடும்போதெல்லாம் கார்பனேட் குறைகிறது. பி.எச். 8.1இலிருந்து 7.8க்கு இறங்கும்போது கார்பனேட்டில் ஏறக்குறைய பாதி போய்விடும். பவளத்துக்கும் சிப்பிக்கும் இதனால் நேரும் கேட்டைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். இரும்புக்கும் இந்தக் கார்பனேட்டுக்கும் இடையே உள்ள தொடர்பு மிக அண்மையில்தான் தெரிய வந்தது.

மாணவியின் வாதத்தில் உண்மை இருக்கிறது. ஃபெரஸ் இரும்பு ஃபெரிக்காக மாறும் வேகம் ஹைட்ராக்சைடு அயனிகளின் செறிவின் இருமடியைப் பொறுத்தது. பி.எச். 0.3 இறங்கினால் ஹைட்ராக்சைடு பாதியாகும். அதனால் மாற்றத்தின் வேகம் நான்கில் ஒரு பங்காகும். எளிதில் கரையும் வடிவத்தில் இரும்பு அவ்வளவு கூடுதல் நேரம் நீரில் தங்கியிருக்கும். நார்வேயின் பெர்கன் நகரை ஒட்டிய கடலில் பெரிய பைகளில் நீரை அடைத்து, கார்பன் டை ஆக்சைடு செலுத்திச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. அமிலத்தன்மை கூடிய பைகளில் கரைந்த இரும்பு அதிகமாகவே இருந்தது.

அதே 2010இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சுவா மொரேல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு நேர் எதிரான முடிவைச் சொன்னது. டயாட்டம்களும் சுண்ணத் தகடு கொண்ட கோக்கோலித் உயிரிகளும், நீர் அமிலமாக ஆக, இரும்பை மெதுவாகவே எடுத்துக்கொண்டன. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. கடலில் கரைந்திருப்பதாக நாம் அளக்கும் இரும்பில் 99 சதவீதத்துக்கு மேல் தனித்து மிதப்பதில்லை; நுண்ணுயிர்கள் சுரக்கும் சிடரோஃபோர்களும், இறந்த செல்களின் எச்சங்களிலிருந்து வந்த கரிம மூலக்கூறுகளும் அதைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. வேதியியலில் ஈனிகள் என்று சொல்கிறோமே, அவைதாம் இவை. இந்தப் பிடியிலிருந்து நழுவும் மிகச் சிறிய பங்கைத்தான் பல உயிரிகள் நேரடியாக எடுக்க முடியும். இரும்பைப் பற்றுவதில் ஈனிக்கும் ஹைட்ராக்சைடு அயனிக்கும் போட்டி நடக்கிறது. நீர் அமிலமாகும்போது ஹைட்ராக்சைடு குறைகிறது. போட்டி தளர்ந்ததால் ஈனியின் பிடி இறுகுகிறது. தனித்த இரும்பு மேலும் அருகுகிறது. எவ்வளவு அருகும் என்பது ஈனியின் வகையைப் பொறுத்தது; இரும்பைப் பற்றும்போது தானே ஹைட்ரஜன் அயனிகளை இழக்கும் ஈனிகளிடம் இந்த விளைவு குறைவு.

நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் செவிலியர், மாத்திரையோடு டீ குடிக்க வேண்டாம், எலுமிச்சைச் சாறு குடிக்கலாம் என்று சொல்லி அனுப்புவார். மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்பது ஒன்று. குடல் அதில் எவ்வளவை உள்ளே விடுகிறது என்பது வேறொன்று. கடலிலும் இந்த இரண்டாவது கணக்குத்தான் உயிரியின் வளர்ச்சியை முடிவு செய்கிறது.

செல்லின் வாயிலிலேயே இன்னொரு தடை இருப்பது 2018இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வால் தெரிந்தது. டயாட்டம்களின் மேற்பரப்பில், நீரிலிருந்து இரும்பைப் பிடித்து உள்ளே அனுப்பும் ஒரு புரதம் இருக்கிறது. பைட்டோடிரான்ஸ்ஃபெரின் என்று பெயர். நம் இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் எப்படி வேலை செய்கிறதோ, அப்படியே இதுவும் வேலை செய்கிறது. இரண்டுக்கும் பொதுவான ஒரு நிபந்தனை உண்டு: இரும்பு அணு அந்தப் புரதத்தில் அமர வேண்டுமானால், கூடவே ஒரு கார்பனேட் அயனியும் வந்து அமர வேண்டும். கார்பனேட் இல்லாமல் இரும்பு மட்டும் வந்தால் புரதத்தில் நிலைக்காது. ஆகவே டயாட்டம் இரும்பை எடுக்கும் வேகம் இரும்பின் அளவை மட்டுமல்லாமல் கார்பனேட்டின் அளவையும் சார்ந்திருக்கிறது. கடலின் அமிலமாதல் குறைப்பது அந்தக் கார்பனேட்டைத்தான்.

இதை முதலில் படித்தபோது நான் நெடுநேரம் அந்த ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. கரைதிறன் என்று ஒரு கணக்கும், ஈனியின் பிடி என்று ஒரு கணக்கும் போட்டுக்கொண்டிருந்த வேதியியலுக்கு வெளியே, ஒரு புரதத்தின் வடிவத்தில் மூன்றாவது கணக்கு ஒன்று இருந்திருக்கிறது. இரும்பை ஈனியோடு சேர்த்தே விழுங்கும் உயிரிகளும், செல்லின் மேற்பரப்பில் எலக்ட்ரானைக் கொடுத்து ஃபெரிக்கை ஃபெரஸாக்கி ஈனியிடமிருந்து பிரித்தெடுக்கும் உயிரிகளும் உண்டு; எல்லாமே இந்த ஒரு புரதத்தை நம்பியிருக்கவில்லை. ஆயினும் கார்பனை ஆழத்துக்குக் கொண்டுசெல்வதில் முன்னிற்பவை டயாட்டம்கள்தாம் என்பதால் இந்த முடிவின் எடை பெரிது.

நம் வங்கக் கடலுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இங்கே நடுக்கடலின் மேற்பரப்பில் பெரும்பாலும் குறைவது நைட்ரேட். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி கொண்டு சேர்க்கும் நன்னீர், உப்பு நீரின் மேல் ஒரு மூடியாகப் பரவிக்கொள்வதால் ஆழத்திலுள்ள நைட்ரேட் எளிதில் மேலே வருவதில்லை. நைட்ரேட் இல்லாத நீரில், காற்றின் நைட்ரஜனையே உணவாக மாற்றிக்கொள்ளும் டிரைக்கோடெஸ்மியம் போன்ற நீலப்பசும் உயிரிகளுக்கு வாய்ப்பு அதிகம். அந்த வேலையைச் செய்யும் நைட்ரஜனேஸ் நொதி இரும்பைத் தாராளமாகக் கேட்பது. அதிக கார்பன் டை ஆக்சைடு டிரைக்கோடெஸ்மியத்துக்கு உரம் என்றுதான் தொடக்கத்தில் ஆய்வகங்கள் சொல்லின. இரும்பு குறைந்த நீரில் சோதித்தபோது அமிலத்தன்மை கூடக்கூட அதன் நைட்ரஜன் நிலைப்படுத்தல் குறைந்தது.

அமிலம் இரும்புக்கு உதவும் இடமும் இதே வங்கக் கடலின் மேல் உண்டு. ஆனால் அது நடப்பது நீரில் அல்ல, காற்றில். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களிலும் அதை அடுத்தும், கங்கைச் சமவெளியின் புகையும் தூசும் கடலின் மேல் பரவுகின்றன. நிலக்கரிப் புகையின் கந்தக டை ஆக்சைடும் வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தூசுத் துகளின் மேல் படிந்து அமிலமாகி, அதிலுள்ள இரும்பைக் கரைக்கின்றன. இந்தத் துகள்களுக்குள் பி.எச். கடல்நீரினும் மிகத் தாழ்ந்தது. மாணவி சொன்ன பாடநூல் வேதியியல் அங்கே அப்படியே நடக்கிறது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் கப்பல்களில் சென்று காற்றுத் துகள்களைச் சேகரித்து அளந்தபோது, வங்கக் கடலின் மேலுள்ள துகள்களில் நீரில் கரையும் இரும்பின் பங்கு அரபிக் கடலின் மேலுள்ளதைவிட மிக அதிகமாக இருந்தது. அரபிக் கடலுக்கு வருவது பெரும்பாலும் பாலைத் தூசு; அதிலுள்ள சுண்ணாம்பு அமிலத்தைச் சமன் செய்துவிடுகிறது. இதைக் கேட்டு மாசுக்கு நன்றி சொல்லத் தோன்றினால், அதே புகையில் செம்பும் வருகிறது என்பதையும் அது பல மிதவை உயிரிகளுக்கு நஞ்சு என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கடலில் இரும்பைக் கொட்டிக் கார்பன் கணக்கில் வரவு வைக்கலாம் என்னும் பேச்சு மீண்டும் எழுந்துவருகிறது. 2012இல் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஏறக்குறைய 100 டன் இரும்புச் சேர்மம் அறிவியல் மேற்பார்வையின்றிக் கொட்டப்பட்டதையும், அதையடுத்து 2013இல், கடலில் கழிவு கொட்டுவதைத் தடுக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான லண்டன் நெறிமுறையில் இதைக் கட்டுப்படுத்தும் திருத்தம் ஏற்கப்பட்டதையும் இந்தப் பேச்சை நடத்துபவர்கள் மறக்கக் கூடாது. ஆய்வுக்காகச் சிறிய அளவில் செய்வதை நான் எதிர்க்கவில்லை; அத்தகைய ஆய்வு இல்லாமல் மேலே சொன்னவற்றில் பாதி நமக்குத் தெரிந்திருக்காது. ஆனால் இந்தத் திட்டங்களின் கணக்கில் எத்தனை டன் இரும்பு என்பது முன்னே நிற்கிறது. அதில் எவ்வளவு செல்லுக்குள் போகும், அந்த நீரில் கார்பனேட் எவ்வளவு என்பவை பின்னே தள்ளப்படுகின்றன. குளிர்ந்த நீர் கார்பன் டை ஆக்சைடை அதிகமாகக் கரைத்துக்கொள்ளும் என்பதால், மேற்பரப்பில் கார்பனேட் மிகக் குறைந்த கடல்களில் ஒன்று தென்பெருங்கடல். இரும்புப் பஞ்சம் மிகப் பரந்து கிடப்பதும் அங்கேதான். இரும்பு தேவைப்படும் இடமும், அதைப் பிடிக்கும் புரதம் துணையின்றி நிற்கப்போகும் இடமும் ஒன்றாகவே இருக்கின்றன.

வங்கக் கடலின் நடுவே, 15 பாகை வடக்கு, 90 பாகை கிழக்கில், கார்பன் டை ஆக்சைடையும் பி.எச்.சையும் இடைவிடாமல் அளக்கும் ஒரு மிதவை 2013 நவம்பரில் நங்கூரமிடப்பட்டது. கடலில் மிதவைகளை நிறுத்திப் பராமரிக்கும் திறமை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு நெடுங்காலமாக உண்டு. தென்பெருங்கடலுக்கு இந்தியக் கப்பல் பயணங்கள் 2004 முதல் நடக்கின்றன. இரும்பை மாசுபடாமல் அளப்பவர்களும், கார்பனேட்டை அளப்பவர்களும், டயாட்டத்தின் புரதங்களைப் படிப்பவர்களும் ஒரே கப்பலில், ஒரே நீர்மாதிரியின் மேல் வேலை செய்யும் பயணங்கள் இனி நடக்க வேண்டும். என் மாணவியின் வயதில் இருப்பவர்களுக்கு அந்தக் கப்பலில் இடமும் வேண்டும்.